கண்ணாடியிழைக் கீல் படகு: திருகோணமலைப் பட்டறையில் 32 அடி ஓடு போட்டு எடுப்பது எப்படி

திருகோணமலையில் பைபர் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 18 அடி மீன்பிடிப் படகை மோல்டில் (அச்சில்) போட்டு எடுக்கத் தெரிந்தவருக்கு 32 அடிப் பாய்ப்படகின் ஓட்டில் (உடற்பகுதியில்) புதிய பொருள் என்று எதுவும் இல்லை. அதே மாட் (வெட்டிய கண்ணாடி நார்ப் பாய்), அதே ரோவிங் (கண்ணாடி நாரில் நெய்த துணி), அதே ரெசின் (இறுகும் பிசின்). மாறுவது எடைக் கணக்கு. வெளியே எஞ்சின் பூட்டிய படகில் 50 கிலோ ரெசின் கூடினால் எண்ணெய்ச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். குடும்பத்தோடு தங்கிப் பயணம் போகவும் வேண்டும், பந்தயத்திலும் ஓட வேண்டும் என்று வரைந்த பாய்ப்படகில் அந்த 50 கிலோ எந்த இடத்தில் ஏறியது என்பது படகின் குணத்தையே மாற்றும். பலத்தைத் தருவது கண்ணாடியிழை. ரெசின் அதைப் பிடித்து வைக்கிறது. தேவைக்கு மேல் ஊற்றிய ரெசின் பலமாகாது, பாரமாகும். கீழே வரும் ஒவ்வொரு வேலையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

வரைபடத்தில் பார்க்க வேண்டியவை

முதல் படகுக்குப் புதிய வடிவம் வரையப் போகாதீர்கள். 1960களிலும் 70களிலும் வந்த வடிவங்களே இந்த வேலைக்கு நல்ல அளவுகோல். கார்ல் அல்பேர்க் வரைந்து 1959இல் வெளிவந்த பியர்சன் ட்ரைட்டன் 28 அடி. பைபர் பாய்ப்படகைத் தொகையாகக் கட்டி விற்கலாம் என்று காட்டிய படகுகளில் ஒன்று. 70களின் தொடக்கத்தில் டேவிட் சாட்லர் வரைந்து இங்கிலாந்தின் லிமிங்டனில் கட்டப்பட்ட கொன்டெசா 32 இந்த இனத்துக்குச் சரியான எடுத்துக்காட்டு: நீளம் 9.75 மீற்றர், நீர்க்கோட்டு நீளம் 7.3 மீற்றர், அகலம் 2.9 மீற்றர், நீருக்குள் ஆழம் 1.68 மீற்றர், மொத்த எடை ஏறக்குறைய 4,300 கிலோ. அதில் 2,000 கிலோவுக்குச் சற்று மேல் கீலின் (படகைக் கவிழாமல் நிறுத்த அடியில் வைக்கும் பகுதியின்) பாரம். எடையில் கிட்டத்தட்ட பாதி அடியில் இருப்பதால் 150 பாகைக்கு மேல் சாய்ந்தாலும் படகு தானாக நிமிரும். 1979ஆம் ஆண்டு ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தைப் புயல் அடித்துப் போட்டபோது மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் போட்டியை முடித்த ஒரே படகு ஒரு கொன்டெசா 32.

இந்த அளவுப் படகில் நீர்க்கோட்டுத் தளம் சுமார் 12 சதுர மீற்றர் வரும். அப்படியானால் படகு 1 சென்ரிமீற்றர் அமிழ ஏறக்குறைய 120 கிலோ போதும். பாய்ப்பரப்பு 40 முதல் 45 சதுர மீற்றர். கணக்குப்படி உச்ச வேகம் 6.5 நொட் அளவில் நிற்கும். அதற்கு மேல் எதிர்பார்த்து எடையைச் சுரண்டுவதில் பயனில்லை. மெல்லிய காற்றில் எவ்வளவு விரைவாக அசைகிறது, எதிர்க்காற்றில் எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்பதில்தான் எடை பேசும்.

உட்துறைமுகத்துக்கு வந்துபோகும் வெளிநாட்டுப் படகு ஒன்றைக் கரையேற்றிய நேரத்தில் அதன்மேல் மெழுகு பூசி மோல்ட் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு வரும். வடிவமைப்பாளரின் உரிமையை எடுப்பது தவறு என்பது ஒன்று. அந்த ஓடு முட்டுக்கட்டையில் நின்று நின்று உள்வாங்கியிருக்கும், பக்கங்களும் சமமாக இராது என்பது இன்னொன்று. உரிமம் கேட்டு, வரைபடத்தோடு துணி அடுக்கு அட்டவணையையும் வாங்குங்கள். கீழே தரும் அடுக்குகள் இந்த அளவுப் படகின் போக்கைக் காட்டுபவை. வடிவமைப்பாளரின் அட்டவணை வேறாக இருந்தால் அதுவே முடிவு.

பிளக்கும் மோல்டும்

படகின் பளபளப்பு பிளக்கில், அதாவது மோல்ட் எடுப்பதற்காக முதலில் செய்யும் மாதிரி உருவில், தீர்மானமாகிறது. 500 மில்லிமீற்றர் இடைவெளியில் பிளைவூட் குறுக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் 20 மி.மீ. மரச் சலாகைகள், அதன்மேல் ஒரு மெல்லிய மாட், பிறகு பூச்சு மாவு. ஒரு மீற்றர் நீளமுள்ள, வளையக்கூடிய பலகையில் உரசுதாளை ஒட்டி மூலைவிட்டமாகத் தேய்க்க வேண்டும். கைக்கு அடங்கிய சிறு கட்டையால் தேய்த்தால் பள்ளம் பள்ளமாகவே பளபளக்கும். கறுப்புப் பூச்சு அடித்து, இரவில் ஒரு ரியூப் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சக் கோடு எங்கே நெளிகிறதோ அங்கே மேடு அல்லது பள்ளம். பகல் வெளிச்சத்தில் அது தெரியாது.

மேல்பக்கம் உள்ளே சாயும் ஓடு ஒரே மோல்டிலிருந்து வெளியே வராது. ஆகவே நடுக்கோட்டில் இரண்டாகப் பிரியும் மோல்ட் செய்யுங்கள். இணைப்பு விளிம்பு 100 மி.மீ. அகலம், 200 மி.மீ.க்கு ஒரு போல்ட். மோல்டின் தடிப்பு ஓட்டின் தடிப்பைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். இரும்புச் சட்டத்தை மோல்ட் பிளக்கின்மேல் இருக்கும்போதே கட்ட வேண்டும். மோல்ட் முழுதாக இறுகிய பிறகே சட்டத்தை ஒட்டுங்கள். அவசரப்பட்டால் சட்டம் ஒட்டிய இடமெல்லாம் வெளிமுகத்தில் வரிவரியாகத் தெரியும். அந்த வரி பிறகு எடுக்கும் ஒவ்வொரு ஓட்டிலும் விழும்.

புது மோல்டுக்குக் கார்னோபா மெழுகு 6 தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் சில மணி நேரம் விட்டு. முதல் ஓட்டுக்கு மெழுகின்மேல், ஓடு ஒட்டாமல் பிரிவதற்கான பி.வி.ஏ. படலமும் தெளியுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

ஐப்பசி முதல் தை நடுப்பகுதி வரை வாடைக்காற்றோடு மழை. அந்த நாட்களில் ஜெல்கோட் (ஓட்டின் வெளிமுகமாகும் நிறப்பூச்சு) பக்கம் போக வேண்டாம். மரவேலையும் உலோக வேலையும் செய்யலாம். மாசியிலிருந்து சித்திரை வரைதான் ஓடு போட நல்ல காலம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பிற்பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும், புழுதியும் சேரும். அந்த மாதங்களிலும் காலையில் வேலை செய்யலாம், கொட்டகையின் மேற்குப் பக்கத்தை மறைத்துக்கொண்டு.

காலை என்றால் விடியற்காலை அல்ல. இரவில் குளிர்ந்த மோல்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் கை வழுக்காமல் இழுபடும், அது ஈரம். மோல்ட் காற்றின் வெப்பத்துக்கு வந்த பிறகு, 7.30 அளவில் தொடங்கி 11 மணிக்கு முடிப்பது இங்கே சரிவரும். காற்றின் ஈரப்பதன் 80%ஐத் தாண்டினால் அன்று நிறுத்துங்கள். மாட் உருளைகளை நிலத்தில் வைக்காமல் தட்டில் ஏற்றி, பொலித்தீன் சுற்றி வையுங்கள். ஈரம் குடித்த மாட்டுக்குள் ரெசின் இறங்காது. எவ்வளவு உருட்டினாலும் வெள்ளை நார் வெள்ளையாகவே நிற்கும்.

ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னர், ரெசினின் எடையில் 1 முதல் 2% வரை. இங்கே பெரும்பாலும் 1% போதும்: 5 கிலோ ரெசினுக்கு 50 கிராம். வெயில் கூடிவிட்டது, சீக்கிரம் இறுகுகிறது என்று அரை சதவீதத்துக்கு இறக்குவதுதான் நம் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிப் போட்ட ரெசின் தொடும்போது இறுகியதுபோல் இருக்கும், உள்ளே கடைசிவரை முழுதாக வேகாது. சில ஆண்டுகளில் அந்த இடத்தில்தான் கொப்புளம் வரும். நேரம் போதாவிட்டால் மெதுவாக இறுகும் வகை ரெசினை வாங்குங்கள், வாளிக்குப் பதில் அகன்ற தட்டில் ஊற்றி வையுங்கள், கலவையைச் சிறிதாக்குங்கள். வேலை தொடங்குமுன் 100 கிராம் ரெசினை ஒரு குவளையில் கலந்து, இறுகும் நேரத்தைப் பாருங்கள். 20 முதல் 30 நிமிடம் வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

கோபால்ட் முடுக்கியைத் தனியாக வாங்கிச் சேர்ப்பவர்கள் அதை ரெசினில் முழுதாகக் கலக்கிய பின்னரே ஹார்ட்னரை ஊற்ற வேண்டும். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். இரண்டு போத்தலையும் ஒரே அலுமாரியில் வைக்கவே கூடாது. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி அணியாமல் யாரும் அளக்க வேண்டாம். ரெசின் ஆவிக்குத் துணி முகக்கவசம் உதவாது, கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

ஜெல்கோட்டும் முதல் மாட்டும்

ஐசோப்தாலிக் ஜெல்கோட்டையே வாங்குங்கள். ஈரமாக இருக்கும்போது 0.5 முதல் 0.6 மி.மீ. தடிப்பு, சதுர மீற்றருக்கு 650 கிராம் என்று கணக்குப் போட்டால் சரியாக வரும். சீப்பு வடிவ அளவியால் பல இடங்களில் குத்திப் பாருங்கள். மெல்லியதாக விழுந்த இடத்தில், பின்னால் போடும் ரெசின் ஜெல்கோட்டைக் கரைத்துச் சுருக்கும்; மோல்டிலிருந்து எடுத்த பிறகுதான் முதலைத் தோல்போன்ற சுருக்கம் கண்ணில் படும். ஒரு மி.மீ.க்கு மேல் தடித்த இடம் பின்னாளில் வெடிக்கும். மூலைகளில், குறிப்பாகச் சுக்கான் தாங்கியின் அடியில், ஜெல்கோட் வழிந்து தேங்கும். தூரிகையால் எடுத்து விடுங்கள்.

விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் ஒட்டக்கூடாது. அந்த நிலையில் முதல் மாட்டைப் போட வேண்டும், அதே நாளில். முதல் மாட் சதுர மீற்றருக்கு 300 கிராம், தூள் பசையால் பிணைத்தது. பால் போன்ற பசையால் பிணைத்த மாட் மலிவு, வளைவுகளில் படியும், ஆனால் அந்தப் பசை நீரை இழுக்கும். இங்கே கடல்நீர் ஆண்டு முழுவதும் 27 பாகைக்கு மேல். குளிர்கடலில் 15 ஆண்டு தாங்கும் பிழை இங்கே அதற்கு வெகு முன்பே கொப்புளமாகும். நீர்க்கோட்டுக்குக் கீழே முதல் இரண்டு மாட்டுக்கும் வைனைல் எஸ்டர் ரெசின் பாவியுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் 22 சதுர மீற்றருக்கு மட்டுமே. இந்தப் படகில் பணத்தை மிச்சம்பிடிக்கக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

இந்த முதல் அடுக்கை நிதானமாக உருட்டுங்கள். ரெசின் பட்டதும் மாட் வெள்ளையிலிருந்து கலங்கிய சாம்பல் நிறமாகி, பிறகு தெளியும். தெளிந்த பகுதியில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி நின்றால் அது காற்று. அலுமினிய உருளையை அதன்மேல் நடுவிலிருந்து வெளியே, மெதுவாக, ஒரே திசையில் கொண்டுபோனால் புள்ளி விளிம்புக்கு நகர்ந்து மறையும். முன்னும் பின்னும் வேகமாகத் தேய்த்தால் ரெசின் நுரைத்து, ஒரு புள்ளி பத்தாகும். அடுத்த நாள் வெளிச்சத்தில் ஒவ்வொரு சாணாகப் பார்த்து, நின்ற காற்றைக் கத்தியால் திறந்து நிரப்பிய பிறகே மேலே போங்கள்.

அடுக்குக் கணக்கு

நீர்க்கோட்டுக்கு மேலே: 300 மாட், 450 மாட், அதன்பிறகு 600 கிராம் ரோவிங்கும் 450 மாட்டும் சேர்ந்த சோடி மூன்று. தடிப்பு 7 மி.மீ. வரும். நீர்க்கோட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு சோடி. கிட்டத்தட்ட 11 மி.மீ. ஒவ்வொரு பக்கத்துத் துணியும் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் 300 மி.மீ. ஏறட்டும். நடுவில் 600 மி.மீ. அகலத்துக்கு ஓடு தானாகவே இரட்டிப்பாகி 21 மி.மீ. தாண்டும். ரோவிங்மேல் ரோவிங் நேராகப் போடாதீர்கள். இடையில் மாட் இல்லாவிட்டால் இரண்டும் தட்டையாகப் பிரிந்து வரும்.

ஒரே மூச்சில் 4 மி.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். சூடு உள்ளே தேங்கி, ரெசின் சுருங்கி, ரோவிங்கின் பின்னல் வெளிமுகத்தில் தெரியத் தொடங்கும். நிறுத்தும்போது மாட்டில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விழுந்தால், மேலே தொடருமுன் உரசித் தூசு தட்டுங்கள்.

இப்போது எடை. மாட்டில் கண்ணாடி 30%, ரோவிங்கில் 50% என்று வைத்துக்கொண்டால் 1 கிலோ மாட்டுக்கு 2.3 கிலோ ரெசின், 1 கிலோ ரோவிங்குக்கு 1 கிலோ ரெசின். மேல்பக்கம் 18, கீழ்ப்பக்கம் 22 சதுர மீற்றர் உள்ள ஓட்டுக்கு, நடு இரட்டிப்பையும் 10% கழிவையும் சேர்த்து மாட் 125 கிலோ, ரோவிங் 120 கிலோ, வைனைல் எஸ்டர் உட்பட ரெசின் 415 கிலோ, ஜெல்கோட் 30 கிலோ வேண்டும். கழிவு போக ஓட்டின் எடை 630 கிலோ அளவில் நிற்கும்.

அதே துணியை, கை தாராளமாக ஊற்றி, மாட்டில் 25%, ரோவிங்கில் 45% கண்ணாடி என்று முடித்தால் ஓடு 100 கிலோ கூடும். ஒரு நார்கூட அதிகமாகச் சேரவில்லை. ஓடு தடிப்பாகத் தெரியும், தட்டினால் கனமாகக் கேட்கும், ஆனால் ரெசின் மிகுந்த இடம் அடி பட்டால் உடைந்து விரியும். இதைத் தடுக்க ஒரே வழி தராசு. அந்த நாளைக்குரிய துணியை வெட்டி நிறுத்து, அதற்குரிய ரெசினையும் நிறுத்துத் தனி வாளியில் வையுங்கள். வாளி முடியும்போது துணி முழுதும் நனைந்திருக்க வேண்டும். நனையாமல் துணி மிஞ்சினால் உருட்டுவதில் குறை. இன்னொரு வாளி திறக்குமுன் ஏற்கனவே போட்ட இடத்தில் தேங்கி நிற்கும் ரெசினை வழித்தெடுங்கள். மாலையில் மிச்சத்தை நிறுத்து, அன்றைய எண்ணை மோல்டின் சட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

1950களிலும் 60களிலும் கட்டிய பழைய ஓடுகள் தடித்தவை என்பது உண்மை. பொருள் புதிது, கட்டியவர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள், ரெசினும் மலிவு. 1973இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு அந்தத் தாராளம் குறைந்தது. அந்தத் தடிப்பைப் பார்த்து ரெசினால் தடிப்பைக் கூட்ட வேண்டாம். கூட்டுவதென்றால் துணியைக் கூட்டுங்கள்.

மோல்டுக்குள் இருக்கும்போதே

ஓட்டை வெறுமையாக வெளியே எடுத்தால் வாய் விரியும். அகலம் 20 மி.மீ. மாறினாலே மேற்தளம் பொருந்தாது. ஆகவே 18 மி.மீ. மரைன் பிளைவூட்டில் முதன்மைக் குறுக்குச் சுவர்களை மோல்டுக்குள்ளேயே நிறுத்திக் கட்டுங்கள். பிளைவூட்டின் விளிம்பு ஓட்டில் நேராக முட்டக்கூடாது, 10 மி.மீ. ஃபோம் பட்டி இடையில் வேண்டும். இல்லாவிட்டால் வெளியே ஒரு செங்குத்துக் கோடு விழும், நாளடைவில் அந்தக் கோட்டில் ஜெல்கோட் வெடிக்கும். இரு பக்கமும் 450 மாட் நான்கு அடுக்கு, ஓட்டின்மேல் 100 மி.மீ., சுவரின்மேல் 100 மி.மீ. ஒவ்வோர் அடுக்கும் முந்தியதை விட 20 மி.மீ. தள்ளி முடியட்டும். பாய்மரக் கம்பிகளின் இழுவை முழுவதும் இந்தச் சுவருக்குத்தான் வருகிறது.

கீல் வரும் இடத்தில் குறுக்கே 6 முதல் 8 தாங்கிகள், ஃபோமின்மேல் மாட்டும் ரோவிங்கும் சுற்றி. பார்கோல் கடினமானி 35 காட்டிய பிறகு மோல்டைப் பிரியுங்கள்.

கீல்

2,000 கிலோ ஈயத்தின் கனஅளவு 177 லீற்றர். அதே எடைக்கு வார்ப்பிரும்பு 278 லீற்றர் வரும். கீல் தடித்து இழுவை கூடும், துருவும் பிடிக்கும். ஈயத்தில் 3% அளவு அன்டிமனி கலந்தால் கீல் வளையாது. ஈயம் 327 பாகையில் உருகும். வார்ப்புக் குழியில் ஒரு கைப்பிடி ஈரமண் இருந்தாலும் நீராவி வெடித்து ஈயம் தெறிக்கும். குழியை நெருப்பிட்டு முழுதாக உலர்த்தி, மழைக்காலம் கழிந்த பிறகே ஈயத்தை ஊற்றுங்கள். ஆவியும் தூசும் நஞ்சு. திறந்தவெளியில், காற்றின் மேற்புறத்தில் நின்று வேலை செய்யுங்கள், அந்த உடையோடு வீட்டுக்குப் போக வேண்டாம்.

கீலைப் பூட்டும் போல்ட் 316 ரக எவர்சில்வரானால் இணைப்பில் நீர் புகவே கூடாது. காற்றுப் படாத உவர்நீரில் எவர்சில்வர் வெளியே மினுங்கியபடி உள்ளே அரிக்கும். சிலிக்கன் வெண்கலம் அந்த விதத்தில் நம்பகமானது. ஒவ்வொரு நட்டுக்கும் கீழே 10 மி.மீ. தடிப்புத் தகடு.

மேற்தளம், சுக்கான்

மேற்தளத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவும் கீலின் வேலையைக் கெடுக்கும். ஆகவே இங்கே மட்டும் இடைப்பொருள் வைத்த அமைப்பு: வெளியே 3 மி.மீ. கண்ணாடியிழை, நடுவில் 12 மி.மீ. பல்சா (பாரமற்ற மரம்), உள்ளே 2.5 மி.மீ. கண்ணாடியிழை. பல்சா நீரைக் குடித்தால் அழுகும். கொளுவியோ வின்ச்சோ வரும் இடங்களிலெல்லாம் பல்சாவை எடுத்துவிட்டுத் திண்மமாகக் கட்டுங்கள். பிறகு போடும் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எபொக்சிக் கலவையால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் ஒட்டாத இடம் மந்தமாக ஒலிக்கும். ஓட்டோடு சேர்க்கும் விளிம்பு 75 மி.மீ.; பசை வைத்து 150 மி.மீ.க்கு ஒரு போல்ட்.

சுக்கானின் அச்சுக்குழாய் அலகுக்குள் நுழையும் இடத்தில் நீர் புகுவது தவிர்க்க முடியாததுபோல் நடக்கும். அந்த இடத்தில் சிறு பள்ளம் விட்டு நெகிழும் பசையால் அடையுங்கள். கடல்நீர்க் குழாய்களுக்குப் பித்தளை வால்வு வேண்டாம். துத்தநாகம் கரைந்து, கையால் திருகும்போது உடையும். வெண்கலம் போடுங்கள்.

நீரில் இறக்கிய பின்

பாய்மரம் ஏற்றுமுன் அணியத்திலும் பின்பக்கத்திலும் நீர்க்கோட்டை அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். 2 சென்ரிமீற்றர் அமிழ்ந்திருந்தால் 240 கிலோ எங்கோ ஏறியிருக்கிறது. சட்டத்தில் எழுதிய எண்கள் எங்கே என்று சொல்லும். முதல் ஓட்டத்துக்குக் கொட்டியாரக் குடா வசதி. மாசி, பங்குனிக் காலையில் மென்காற்றில் தொடங்கி, ஒரு நாளில் 15 நொட் வரை காற்று வரும்போதும் ஓட்டிப் பாருங்கள். 20 பாகை சாய்ந்து ஓடும்போது குறுக்குச் சுவர்களின் பிணைப்பு விளிம்புகளை விளக்கடித்துப் பாருங்கள். வெள்ளையாக மயிர்க்கோடு தெரிந்தால் அந்தப் பிணைப்பு விடுகிறது. கீல் நட்டுகளை முதல் மாதக் கடைசியில் முறுக்குமானியால் மறுபடி இறுக்குங்கள். ஆறு மாதத்தில் கரையேற்றி, கீலுக்கும் ஓட்டுக்கும் இடையிலான கோட்டைச் சுரண்டிப் பாருங்கள். பசையில் பிளவு இருந்தால் கீலை இறக்கி மறுபடி பசை வைத்து ஏற்றுவதே வழி. வெளியே மாவு பூசி மூடினால் நீர் உள்ளேயே நிற்கும்.